கிளட்ச் பிடிச்சும் பைக் நகருதா? செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும் முன் இதை செக் பண்ணுங்க!

சிக்னலில் ரெட் விழுகிறது. கிளட்ச்சை முழுசாகப் பிடித்தபடி முதல் கியரில் ஒரு பைக் நிற்கிறது. ஆனாலும் வண்டி மெல்ல முன்னால் ஊர்கிறது. பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் திணறுகிறது, சில நேரம் ஆஃப் ஆகியே விடுகிறது. நியூட்ரலுக்குப் போகலாம் என்று காலால் தட்டினால் ஒன்று முதல் கியர் விழுகிறது, இல்லையென்றால் இரண்டாவது கியர். நியூட்ரல் மட்டும் சிக்க மாட்டேன் என்கிறது.

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கிய பலருக்கு முதல் வாரத்திலேயே வரும் தலைவலி இது. விற்றவரைக் கேட்டால், "பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் தம்பி, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்பார். அவசரப்படும் ஒர்க் ஷாப்பில் கேட்டால், "கியர் பாக்ஸ் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்பார்கள். இரண்டுமே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் பிரச்னை இருப்பது கிளட்ச்சில். அதிலும் சில நூறு ரூபாயில் முடியும் வேலையா, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் வேலையா என்பதை இன்ஜினைத் திறக்காமலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கிளட்ச் 'விடலை', கிளட்ச் 'ஸ்லிப்' ஆகுது: ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இரண்டும் நேரெதிர் பிரச்னைகள். இதைக் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத பொருளை மாற்றிவிட்டு வர வேண்டியதுதான்.

கிளட்ச் ஸ்லிப் ஆகும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பாலம் ஏறும்போது நன்றாகவே தெரியும். அதாவது, கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை.

இங்கே பேசுவது அதற்கு மாறான 'கிளட்ச் டிராக்'. லிவரை முழுசாக இழுத்த பிறகும் இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியர் பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கும். விட வேண்டிய நேரத்தில் கிளட்ச் விடவில்லை. ஊர்ந்து போவது, நியூட்ரல் கிடைக்காதது, முதல் கியர் போடும்போது 'டக்' என்று உதைப்பது, நிற்கும்போது இன்ஜின் ஆஃப் ஆவது என எல்லாமே இதன் அடையாளங்கள்தான்.

இதை 'சின்ன தொந்தரவு' என்று விட்டுவிடுவதில் ஆபத்து இருக்கிறது. சிக்னலில் முன்னால் ஜீப்ரா கிராசிங்கில் ஆள் நடந்துபோகும்போது வண்டி தானாக ஊர்கிறது என்பதே போதுமான காரணம். போதாததற்கு, ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் பற்களோடு கியர்கள் மோதுகின்றன. கியர்களின் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் முட்டுகள் இருக்கும். அவை மாதக்கணக்கில் அடிபட்டு முனை மழுங்கினால், ஓடும்போதே கியர் தானாகக் கழன்று விழும். அப்போது நிஜமாகவே கியர் பாக்ஸ் வேலைதான். கேபிளில் முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்ஜினைப் பிளக்கும் செலவாக மாறுவது இப்படித்தான்.

உள்ளே என்னதான் நடக்குது?

நம்மூரில் ஓடும் கியர் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் 'வெட் மல்டி பிளேட்' கிளட்ச். ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி, ஷைன் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் கதை வேறு. அங்கே பிடிக்க லிவரே இல்லை.

கிண்ணம் போன்ற ஒரு ஹவுசிங்குக்குள் உராய்வுப் பூச்சு உள்ள கிளட்ச் பிளேட்டும், வழவழப்பான ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். கிளட்ச் பிளேட்டுகள் வெளியே இருக்கும் ஹவுசிங்கோடு சுற்றும். அது இன்ஜின் பக்கம். ஸ்டீல் பிளேட்டுகள் நடுவில் இருக்கும் ஹப்போடு சுற்றும். அது கியர் பாக்ஸ் பக்கம். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றும். லிவரை இழுத்தால் கேபிள் ஒரு சின்ன கையை இழுக்கும். அது உள்ளே ஒரு ராடைத் தள்ளி, ஸ்பிரிங்குகளின் இறுக்கத்தை விலக்கும். பிளேட்டுகள் பிரியும். இன்ஜின் தனியாக, கியர் பாக்ஸ் தனியாக.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பிரிவு எவ்வளவு சின்னது என்பது. ஒரு கணக்குக்கு, லிவரை முழுசாக இழுத்தால் அடுக்கு மொத்தமாக 2 மி.மீ. விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிளட்ச் பிளேட் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து உரசும் முகங்கள் பத்து. அந்த 2 மி.மீ. இடைவெளியைப் பத்து முகங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.2 மி.மீ. மட்டுமே. இரண்டு ஏ4 பேப்பரின் கனம்.

கேபிள் கொஞ்சம் தளர்ந்து அந்த 2 மி.மீ. ஒன்றரை ஆனாலும் சரி, ஒரு ஸ்டீல் பிளேட் லேசாக வளைந்தாலும் சரி, எங்கேயோ ஓர் இடத்தில் பிளேட்டுகள் உரசிக்கொண்டேதான் இருக்கும். வெளியே பார்த்தால் "லிவர் நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். உள்ளே பாதிதான் பிரிந்திருக்கும்.

முதல் கேள்வி: கிளட்ச்சா, கியர் பாக்ஸா?

வண்டியைப் பார்க்கப் போகும் இடத்திலேயே இதைச் செய்துவிடலாம். கருவி எதுவும் வேண்டாம்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடி எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அசைக்காமல் போட்டால் நல்ல வண்டியிலும் சில கியர் விழாது, அதனால் அசைப்பது முக்கியம். எல்லா கியரும் சுலபமாக விழுகிறது, நியூட்ரலும் கிடைக்கிறது, ஆனால் இன்ஜினை ஆன் செய்து நிற்கும்போது மட்டும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்றால், சந்தேகம் கிளட்ச் மேல்தான். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே கியர் முரண்டு பிடித்தால் கியர் லிவர், அதன் லிங்க், ஷாஃப்ட், ஃபோர்க் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். கீழே விழுந்த வண்டியில் கியர் லிவர் வளைந்து கவரில் இடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அதை கியர் பாக்ஸ் கோளாறு என்று யாராவது சொல்லிவிட்டால் பாவம் வாங்குபவர்தான்.

இன்னொரு சுலபமான வழி. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, இன்ஜின் ஓடும் நிலையில் நியூட்ரல் கிடைக்கவில்லையா? அப்படியே கில் ஸ்விட்ச் அல்லது சாவியால் இன்ஜினை ஆஃப் செய்து உடனே தட்டிப் பாருங்கள். சட்டென்று நியூட்ரல் விழுந்தால், இவ்வளவு நேரம் அதைத் தடுத்தது கிளட்ச் வழியாக வந்துகொண்டிருந்த சுழற்சிதான்.

ஓடும்போது கியர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். ஓட்டத்தில் இரண்டு, மூன்று, நான்கு என வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, நின்றால் மட்டும் தகராறு என்றால் கிளட்ச் டிராக். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கியர் தானாகத் தெறித்து விழுகிறது என்றால் அது கியர் பாக்ஸ். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது நல்லது.

டெஸ்ட் ரைடுக்கு முன்னாடி இன்ஜினைத் தொட்டுப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். வண்டி ஏற்கெனவே சூடாக இருக்கிறதா? "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சூடான வண்டியில் காலை நேரத்துப் பிரச்னைகள் தெரியாது. அதே நேரம் குளிர்ந்த வண்டியை ஒரு தெரு மட்டும் ஓட்டிவிட்டு வந்தால், சூடானால் வரும் பிரச்னை தெரியாது. இரண்டு நிலையிலும் பார்த்தே ஆக வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் முதல் முறை கியர் போடும்போது ஒரு 'டக்' சத்தம் கேட்பது சாதாரணம். குளிர்ந்த ஆயில் பிளேட்டுகளுக்கு நடுவே பசை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது முறையும் அதே உதை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகிறது என்றால் ஆயில் மேல் சந்தேகம் வரும்: கிரேடு கெட்டியானதா, அளவு அதிகமா, மாற்றி ரொம்ப நாள் ஆகிவிட்டதா?

குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, டிராஃபிக்கில் 15, 20 நிமிடம் ஓடிய பிறகு நியூட்ரல் கிடைக்காமல் போகிறதா? அப்போது சந்தேகம் உள்ளே இருக்கும் பிளேட்டுகள் மேல் போகிறது. சூட்டில் பிளேட்டுகள் விரியும். ஏற்கெனவே லேசாக வளைந்திருக்கும் ஸ்டீல் பிளேட், இருக்கும் கொஞ்ச இடைவெளியையும் அடைத்துவிடும். அதனால் டெஸ்ட் ரைடை காலியான பைபாஸில் வைப்பதைவிட, மார்க்கெட் பக்கம் நின்று நின்று போகும் ரோட்டில் வைப்பது உபயோகமானது.

ரைடு முடிந்ததும் சமதளத்தில், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஐடிலிங்கில் கிளட்ச்சை முழுசாகப் பிடித்து முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பிரேக்கை விடுங்கள். விரல் பிரேக் மேலேயே தயாராக இருக்கட்டும். வண்டி நகரக் கூடாது. ஊர்ந்தால் டிராக் உறுதி. நகரவில்லை, ஆனால் கியர் விழுந்ததும் இன்ஜின் சத்தம் இறங்குகிறது என்றாலும் உள்ளே லேசாக உரசுகிறது என்றுதான் அர்த்தம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் பின் சக்கரம் மெல்லச் சுற்றும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் இருக்கும் கிளட்ச்சில் அந்த அளவு இழுவை எப்போதும் இருக்கும். பின் பிரேக்கை லேசாக மிதித்தால் சக்கரம் நிற்க வேண்டும், இன்ஜின் அசையாமல் ஓட வேண்டும். பிரேக் மிதித்ததும் இன்ஜின் திணறினால் பிரச்னை. இந்தச் சோதனையின்போது கை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

லிவரில் 'பிளே' இருக்கா? விற்பவர் மறைக்கும் இடம் இதுதான்

கிளட்ச் லிவரை விரலால் மெல்ல இழுத்தால், ஸ்பிரிங்கின் கனம் தெரிவதற்கு முன் கொஞ்ச தூரம் லூசாக வரும். அதுதான் 'பிளே'. பல மாடல்களில் லிவர் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மி.மீ. வரை, அதாவது ஏறக்குறைய ஒரு விரல் அகலம். சில கம்பெனிகள் லிவரின் அடியில், ஹோல்டர் பக்கத்தில் 2 முதல் 3 மி.மீ. என்று கொடுப்பார்கள். சரியான அளவு அந்தந்த வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

பிளே அதிகமானால் லிவரின் பாதி தூரம் வீணாகப் போகும், மிச்சம்தான் கிளட்ச்சைப் பிரிக்கும். டிராக்குக்கு எல்லாவற்றையும்விட அடிக்கடி காணப்படும் காரணம் இதுதான். லிவர் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகினால் ரெண்டு நிமிட வேலை. அங்கே போதவில்லை என்றால் இன்ஜின் பக்கம் இன்னொரு அட்ஜஸ்டர் இருக்கும். அட்ஜஸ்ட் செய்ததும் வண்டி நல்லபிள்ளை ஆகிவிட்டால் விலை பேச ஆரம்பிக்கலாம்.

ஆனால் பிளே சுத்தமாகவே இல்லாத வண்டியைப் பார்த்தால் உஷாராகுங்கள். உள்ளே பிளேட் வளைந்து டிராக் ஆகும் வண்டியை விற்க நினைப்பவர், கேபிளை முழுசாக இறுக்கி வைத்துவிட்டால் டிராக் தற்காலிகமாகக் குறைந்துவிடும். ஊர்வது நிற்கும், நியூட்ரலும் கிடைக்கும். விலை? கேபிள் எப்போதும் இழுபட்ட நிலையில் இருப்பதால் கிளட்ச் எப்போதும் கொஞ்சம் பிரிந்தே இருக்கும். அரை கிளட்ச்சில் விரல் வைத்தே ஓட்டுவது போலத்தான். பிளேட் ஸ்லிப் ஆகி, சூடாகி, சில மாதங்களில் தீய்ந்துவிடும். வாங்கியவர் மெக்கானிக்கிடம் போய் மேனுவலில் சொன்னபடி பிளே வைக்கச் சொன்னதும், மறைத்து வைத்திருந்த டிராக் வெளியே வரும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்ஜஸ்டரின் மரை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கடைசிவரை வெளியே வந்திருந்தால், இனி திருக இடமில்லை. ஒன்று கேபிள் இழுபட்டு நீண்டிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. டெஸ்ட் ரைடுக்கு முன்பே, விற்பவரிடம் சொல்லிவிட்டு, பிளேவைச் சரியான அளவுக்கு வைத்து ஓட்டிப் பாருங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

ஐடிலிங்கும் இதே மாதிரி ஒரு விளையாட்டு இடம். டிராக் இருக்கும் வண்டியில் ஐடிலிங்கைக் குறைத்து வைத்தால் ஊர்வது குறையும். ஏற்றி வைத்தால் ஆஃப் ஆவது நிற்கும். நம்மூர் 100 முதல் 150 சிசி வண்டிகளில் ஐடிலிங் 1,400 ஆர்பிஎம்மை ஒட்டி இருப்பதே வழக்கம். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். மாறாக, டிராக்கே இல்லாத வண்டியில் ஐடிலிங் ரொம்ப அதிகமாக இருந்தாலும் கியர் போடும்போது உதைக்கும். அதனால் முதலில் ஐடிலிங்கைச் சரி செய்துவிட்டுத்தான் மற்ற எல்லா முடிவுக்கும் வர வேண்டும்.

கேபிளைப் பற்றி இன்னும் கொஞ்சம். லிவர் முனையில் கேபிளின் ஒயர் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா? மழையில் நனைந்து உள்ளே துரு ஏறி, இழுத்தால் கரகரக்கிறதா? லிவர் போல்ட் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா? ஒவ்வொன்றும் லிவரின் தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறது. ஹேண்டில்பார் மாற்றிய வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஹேண்டிலை இடது, வலது கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டாலோ மடங்கினாலோ லிவரின் பிளே மாறுவது கையிலேயே தெரியும். ஸ்டைலுக்காகப் போட்ட 'ஷார்ட் லிவர்'களும் சந்தேகத்துக்கு உரியவைதான். ஒரிஜினல் லிவரின் அளவுகளோடு அவை பொருந்தவில்லை என்றால் கேபிள் போதுமான தூரம் இழுபடாது. வளைந்த லிவர் கிரிப்பில் முன்கூட்டியே போய் முட்டும். இதெல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரம்.

லிவர் ரொம்ப லேசாக இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2018ல் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் வெர்ஷன், கேடிஎம் 390 டியூக் போன்றவற்றில் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச்சுகள் இயல்பிலேயே லேசானவை. கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கும் வண்டி என்றால் திரவத்தின் அளவு, லைனில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் செய்ததும் கிளட்ச் சரியாவது காற்றின் அடையாளம்.

ஆயில் சரியா ஊத்தியிருக்காங்களா?

கேபிள் சரி, லிவர் சரி, ஆனாலும் டிராக். அடுத்து ஆயில். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 என்று கம்பெனி சொல்லியிருக்க, "பழைய இன்ஜினுக்கு திக்கா ஊத்தினாத்தான் சத்தம் குறையும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. சத்தம் குறையலாம், காலையில் கிளட்ச் ஒட்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அதே கதைதான்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெட் கிளட்ச் பைக்குகளுக்கான ஜப்பானியத் தர அளவு அது. எம்பி என்று இருந்தால் அது உராய்வு குறைந்த ஆயில், ஸ்கூட்டருக்கு உகந்தது. கார் ஆயில் ஊற்றினால் டிராக்கைவிட ஸ்லிப் வரத்தான் வாய்ப்பு அதிகம்.

பழைய வண்டிப் பிரியர்கள் இரண்டு வண்டிகளில் தனியாகக் கவனிக்க வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 ஒரு டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு எரியும் டூ-டி ஆயில் வேறு, கிளட்ச்சும் கியரும் நனையும் கியர் ஆயில் வேறு. 1996ல் தயாரிப்பு நின்ற வண்டி என்பதால், கை மாறி கை மாறி வந்ததில் கியர் ஆயிலை யார் கடைசியாக மாற்றினார்கள் என்பதே தெரியாமல் இருக்கும். இரண்டாவது, பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். அதில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் இல்லை. இடது பக்கம் பிரைமரி செயின் கேஸில், தனி ஆயிலில் இருக்கிறது. இன்ஜின் ஆயிலைப் பார்த்துவிட்டு "ஆயில் ஓகே" என்று சொல்வது அங்கே செல்லாது.

புல்லட்காரர்கள் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் விஷயம் இருக்கிறது. அந்த வண்டியில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச்சைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் பிடித்திருந்தால் கிக்கர் கம்ப்ரஷன் இல்லாமல் சும்மா இறங்க வேண்டும். கம்ப்ரஷனில் முட்டி நின்றால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அடிக்க அடிக்கப் பிரிந்துவிடும். வாங்கும்போது இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

ரொம்ப நாள் நின்ற வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சகஜம். கிளட்ச் பிடித்து கியர் போட்டுத் தள்ளினால் சக்கரம் பூட்டு போட்ட மாதிரி நிற்கும். இது பெரிய கோளாறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி, ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் பிரியும். இல்லையென்றால் லிவரைக் கிரிப்போடு சேர்த்துக் கட்டி ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் முயற்சி செய்யலாம். ஒட்டிய கிளட்ச்சோடு ரோட்டில் ஓட்டிப் பிரிக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. நிறுத்த நினைக்கும்போது வண்டி நிற்காது.

வெள்ளம் வேறு ரகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ பைக்குகள் தண்ணீரில் மூழ்கி நின்றன. இன்ஜினுக்குள் தண்ணீர் போன வண்டியில் ஸ்டீல் பிளேட்டில் துரு பிடிக்கும், கிளட்ச் பிளேட்டின் பூச்சு ஊறி உப்பும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், அல்லது ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியில் கிளட்ச் மட்டும்தான் பிரச்னை என்று நம்ப முடியாது.

கவரைத் திறந்தே ஆகணுமா?

வெளியே எல்லாம் சரிபார்த்த பிறகும் டிராக் இருந்தால், ஆமாம். ஆயிலை இறக்கி, கிளட்ச் பக்கக் கவரைக் கழற்றினால் போதும். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கத் தேவையில்லை, கியர் பாக்ஸைப் பிளக்கவும் தேவையில்லை. யாராவது நேராக அங்கே போனால், "முதல்ல கிளட்ச் கவரைத் திறந்து காட்டுங்க அண்ணே" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிளேட்டுகள் வெளியே வந்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டீல் பிளேட்டில் நீல நிறத் திட்டுகள் இருந்தால் அது அதிகச் சூடு பட்டிருக்கிறது. அரை கிளட்ச்சில் ஓட்டிய கை யாருடையதோ அவருடைய கைங்கரியம். வளைவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சமமான தடிமனான கண்ணாடி மேல் வைத்து, ஃபீலர் கேஜ் உள்ளே நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவல்கள் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. முன்னால் பார்த்த இடைவெளிக் கணக்கோடு ஒப்பிட்டால் காரணம் புரியும். கேஜ் வைக்காமலேயே "பிளேட் வளைஞ்சிருக்கு" என்பவரும், "நல்லாத்தான் இருக்கு" என்பவரும் ஊகிக்கிறார்கள்.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடும் இடம்: ஹவுசிங்கின் விரல்கள். கிளட்ச் பிளேட்டின் காதுகள் இந்த விரல்களுக்கு நடுவே சறுக்கிப் போய்வர வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அடித்து அடித்து, அலுமினிய விரலில் வெட்டு விழுந்திருக்கும். லிவரை இழுக்கும்போது பிளேட்டின் காது அந்த வெட்டில் மாட்டிக்கொள்ளும், பிரியாது. இப்படிப்பட்ட வண்டியில் புது பிளேட் செட் போட்டாலும் டிராக் போகாது. "பிளேட் மாத்தியும் சரியாகலையே" என்று மறுபடி மறுபடி அலைபவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லேசான வெட்டை அரத்தால் சமமாக ராவிச் சரி செய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். செலவு கூடும் இடம் இதுதான். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய ஹவுசிங் தேடலாம். ஆனால் அங்கே கிடைப்பதிலும் அதே வெட்டு இருக்கலாம், விரலை வைத்துத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்குகளில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் குட்டையாக இருந்தால் அடுக்கு கோணலாகப் பிரியும். நடு நட் லூசானால் ஹப்பே ஆடும். புஷ் ராடின் முனை தேய்ந்திருந்தால், கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே தூரம் குறைவாகவே போய்ச்சேரும். அட்ஜஸ்டர் கடைசிவரை வெளியே வந்திருந்த வண்டி ஞாபகம் இருக்கிறதா? புதுக் கேபிள் போட்டும் அதே நிலை என்றால் சந்தேகம் இந்த ராட் மேல்தான்.

விற்பதற்கு முன் மலிவான பிளேட் செட் போட்டுத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. கனம் சரியாக இல்லாத பிளேட் போட்டால் மொத்த அடுக்கின் உயரமே மாறிவிடும், பிரியவும் இடம் பத்தாது. "கிளட்ச் புதுசா போட்டிருக்கு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எந்தக் கம்பெனி செட், பில் இருக்கிறதா, ஹவுசிங்கைப் பார்த்தீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

விலை பேசுவது எப்படி?

கேபிள், லிவர், ஆயிலோடு சரியாகிவிட்டால் அது விலையைக் குறைக்கப் பெரிய காரணம் இல்லை. சர்வீஸ் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். சூடானால் டிராக் ஆகிறது, அட்ஜஸ்டரில் இடமில்லை என்றால் பிளேட் செட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து அந்த மாடலுக்கு எவ்வளவு என்று ஸ்பேர் கடையிலும் மெக்கானிக்கிடமும் போனில் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். ஹவுசிங் விலையையும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கவரைத் திறக்கும்வரை அது தேவையா என்று யாருக்கும் தெரியாது. ரைடுக்கு 20 நிமிடம் வண்டியைத் தர மறுப்பவரிடமும், பிளேவைச் சரியாக வைத்து ஓட்ட விடாதவரிடமும் விலை பேசாமல் வந்துவிடலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, புது கிளட்ச் பிளேட்டுகளை மாட்டுவதற்கு முன் இன்ஜின் ஆயிலில் ஊற வைத்தார்களா என்று கேளுங்கள். காய்ந்தபடி மாட்டினால் ஆரம்பத்திலேயே பிடித்துப் பிடித்து விடும், சூடாகும். புது பிளேட்டும் புது கேபிளும் ஓட ஓடக் கொஞ்சம் படியும் என்பதால், ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் லிவரின் பிளேவை மறுபடி ஒரு தடவை அளந்து வைக்க வேண்டும்.